வெள்ளிக்கிழமைப் பதிவுகள்

பால் பாக்கெட்டின் தேதியை மூன்று முறை பார்த்து வாங்குகிற பெண், மூன்று வருடமாக வெள்ளிக்கிழமைகளை எப்படிக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கிப் போட்டாள்? உர்சுலாவைத் தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்ட கேள்வி இது. கண்ணை மூடிக்கொண்டுதான் போட்டாளா என்பது அவள் தன்னையே கேட்டுக்கொண்ட கேள்வி. முதல் கேள்விக்கு ஆளாளுக்கு ஒரு பதில் கிடைத்தது. இரண்டாவது அவளை விடவில்லை.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. மார்சிலிங் வட்டாரத்து அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் பத்தாவது மாடியில் வீடு. கணவன் டாரியஸ் ஏர்கான் பழுதுபார்க்கும் ஒரு கம்பெனியில் மேற்பார்வையாளர். சனிக்கிழமைகளில் கம்பெனி லீக் கால்பந்துப் போட்டிகளுக்கு நடுவராக விசில் ஊதுவான். உர்சுலா ஒன்பது வருடம் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்தவள். முப்பத்தொரு வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு மறுபடியும் படிக்கப் போனாள். பள்ளியில் எல்லாக் கணக்குக்கும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை இருந்தது. அதுதான் பிடிக்கவில்லை என்று அப்போது சொன்னாள். பிறகு பல தடவை, அந்தக் கடைசிப் பக்கம் இருந்தால் தேவலை என்று நினைத்திருக்கிறாள்.

முனைவர் பட்டம் முடித்ததும் தேக்கா சந்தைப் பகுதியிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிட தூரத்தில் இருந்த ஒரு மூளை ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தாள். இரண்டு வருட ஒப்பந்தம். முடிந்தால் இன்னொரு இரண்டு வருடம், அதுவும் முடிந்தால் இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து ஓஃபிர் ரோடு தேவாலய வாசலில் நிற்கும்போது யாராவது ஒரு அம்மாள் வந்து, தன் மாமியாருக்கு மறதி கூடிவிட்டது, என்ன மருந்து கொடுக்கலாம் என்று கேட்பாள். தான் அந்த மாதிரி டாக்டர் இல்லை, மூளைக்குக் கணக்குப் போடுகிறவள் என்று உர்சுலா சொல்வாள். மூளைக்கு என்னம்மா கணக்கு என்று அந்த அம்மாள் சிரிப்பாள். உர்சுலாவும் சிரிப்பாள். பஸ் ஏறியதும் அந்தச் சிரிப்பை நினைத்து எரிச்சல்படுவாள்.

கணக்கு இதுதான். எலியின் மூளையிலிருந்து மெல்லிய சீவல் ஒன்றை எடுத்து உப்புக் கரைசலில் வைத்தால், சில மணி நேரம் அது உயிரோடு இருக்கும். அதில் உள்ள நியூரான்கள் விட்டு விட்டு மின்துடிப்பு விடும். அறுபது நுண்கம்பிகள் பதித்த தட்டு ஒன்று அந்தத் துடிப்புகளைக் கேட்டுப் பதிவு செய்யும். உர்சுலாவிடம் வந்து சேரும்போது சீவலும் இருக்காது, கரைசலும் இருக்காது. துடித்தால் ஒன்று, துடிக்காவிட்டால் பூஜ்யம் என்று நெடுக ஓடும் எண்கள் மட்டும் இருக்கும். ஒரு செல் துடித்த மூன்று மில்லிநொடியில் இன்னொரு செல்லும் துடிக்கிறது. அடிக்கடி அப்படி நடக்கிறது. இரண்டுக்கும் நடுவே இணைப்பு இருக்கிறதா, அல்லது மூன்றாவது ஏதோ ஒன்று இரண்டையும் சேர்த்துத் தள்ளுகிறதா? ஒவ்வொரு செல்லுக்கும் ஓர் எண், ஒவ்வொரு ஜோடிக்கும் ஓர் எண் என்று வைத்து, அந்த ஜோடி எண் பூஜ்யமா இல்லையா என்று சொல்லும் கணித மாதிரி ஒன்றை அவள் ஆறு வருடமாகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது ஆள் இருக்கக்கூடும் என்ற ஆபத்தை அறியாதவள் இல்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் புதிய மாணவர்களுக்கு அவள்தான் அதைப் பற்றி வகுப்பு எடுப்பாள். சிராங்கூன் சாலையில் முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரே நொடியில் சாலையில் கால் வைக்கிறார்கள். பேசி வைத்துக்கொண்டா வைத்தார்கள்? எதிரே சாலையைக் கடக்கச் சொல்லும் பச்சை மனிதன் விளக்கு எரிந்தது, அவ்வளவுதான். உங்கள் பதிவில் பச்சை மனிதன் எங்கே இருக்கிறான் என்று முதலில் தேடுங்கள் என்பாள். மாணவர்கள் குறித்துக்கொள்வார்கள். ஆறு ஜனவரிகள் இதைச் சொன்னாள்.

பதிவு நடக்கும் அறை கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. அவள் உட்காருவது ஐந்தாம் மாடியில். கீழ்த்தளக் கதவு அவளுடைய அனுமதி அட்டைக்குத் திறக்காது. திறக்க வேண்டுமென்றால் விலங்குக்கூடப் பாதுகாப்புப் பயிற்சிக்கு அரை நாள் போய் உட்கார வேண்டும். அந்த அரை நாள் அவளுக்கு ஆறு வருடமாகக் கிடைக்கவில்லை. கீழே பதிவு செய்கிறவர் அவளைப் பொறுத்தவரை கோப்பின் பெயரில் வரும் இரண்டு எழுத்து. எப்போதாவது லிஃப்ட்டில் பார்த்தால் ஒரு தலையசைப்பு.

மூன்றாம் வருடக் கடைசியில்தான் மாதிரி பேசத் தொடங்கியது. திங்கள் முதல் வியாழன் வரையிலான பதிவுகளில் செல் ஜோடிகளுக்கு நடுவே பிணைப்பு தெளிவாக வந்தது. வெள்ளிக்கிழமைப் பதிவுகளில் மட்டும் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு செல்லும் தன்பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது. விசாரித்தபோது, வெள்ளிக்கிழமை மதியம் பதிவறையில் ஆள் இருப்பதில்லை, இயந்திரம் தானாக ஓடும் என்று தெரிந்தது. ஆள் இல்லாமல் எடுத்த பதிவை நம்ப முடியாது. கணினி நிரலில் ஒரு வரி எழுதினாள்: வெள்ளிக்கிழமை என்றால் விட்டுவிடு. கட்டுரையிலும் அது ஒரு வரியாக ஏறியது: கண்காணிப்பு இல்லாத பதிவுகள் நீக்கப்பட்டன. ஆய்வுக்கூடத்தில் இது ஒரு தமாஷாகவே ஆகிவிட்டது. யாராவது வெள்ளிக்கிழமை சீக்கிரம் கிளம்பினால், செல்லுக்கே அன்றைக்கு லீவு என்பார்கள். உர்சுலாவும் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

கட்டுரையை மூன்று இதழ்கள் திருப்பி அனுப்பின. நான்காவது இதழ் பதினான்கு மாதம் இழுத்தடித்து, இந்த வருடம் மார்ச் மாதம் ஏற்றுக்கொண்டது. இருநூற்றுப் பன்னிரண்டு ஜோடிகள், அத்தனையிலும் பிணைப்பு. முதல் பெயர் உர்சுலாவுடையது. ஒப்பந்தம் ஜூன் கடைசியில் முடிகிறது. இந்தக் கட்டுரை இல்லாவிட்டால் நீட்டிக்கக் கேட்பதற்கு அவளிடம் வேறு எதுவும் இல்லை. அச்சுக்கு முந்திய படியைச் சரிபார்த்துத் திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேண்டும் என்று கடிதம் வந்தது. அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை காலையில் கட்டடத்தில் தீயணைப்பு ஒத்திகை நடந்தது.

மணி அடித்ததும் எல்லோரும் படி இறங்கிக் கார் நிறுத்துமிடத்தில் போய் வரிசையாக நின்றார்கள். ஒருவர் பட்டியலை வைத்துக்கொண்டு பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வெயில் ஏறியது. பக்கத்தில் நின்ற ஒல்லியான மனிதர் கழுத்தில் தொங்கிய நிறுத்துக் கடிகாரத்தை எடுத்து எடுத்துப் பார்த்தார். அவர்தான் அந்த இரண்டு எழுத்து, அர்ஃபான். ஐம்பது வயது இருக்கும்.

"இன்னும் எவ்வளவு நேரம் லா இது. பாட்டில் காலியாயிடும்," என்றார், யாரிடம் என்றில்லாமல்.

பேச்சுக்காகத்தான் உர்சுலா கேட்டாள். "எந்த பாட்டில் அண்ணே?"

"சீவலுக்குப் போற தண்ணி, டாக்டர். இருநூறு மில்லி பாட்டில். நாப்பது நிமிஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். முப்பத்தஞ்சு ஆச்சு, இவங்க இன்னும் மூணாவது மாடியையே முடிக்கல."

கரைசல் ஏதோ பெரிய தொட்டியிலிருந்து ஒரே சீராக வருகிறது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கட்டுரையில் அப்படித்தான் எழுதியும் இருந்தாள்: பதிவின்போது சூழல் மாறாமல் இருந்தது. புதுப் பாட்டில் எங்கிருந்து வரும் என்று கேட்டாள். ஃப்ரிட்ஜிலிருந்து என்றார் அவர். சின்னப் பாட்டிலாக வைத்தால்தான் கரைசல் கெடாமல் இருக்கும் என்பது ஆய்வுக்கூடத் தலைவர் பேராசிரியர் டான் வைத்த விதி. ஹீட்டர் சூடாக்கிவிடும், நாலைந்து நிமிடம் எடுக்கும்.

"அந்த நாலஞ்சு நிமிஷம் செல்லெல்லாம் என்ன பண்ணும்?"

இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டவளைப் பார்ப்பது போல அவர் பார்த்தார். "தூங்கும். அப்புறம் எல்லாம் ஒண்ணா எழுந்திரிக்கும். நீங்க பார்த்ததில்லையா?"

பட்டியல்காரர் அவள் பெயரைக் கூப்பிட்டார். இரண்டாவது முறை கூப்பிட்டபோதுதான் கையைத் தூக்கினாள்.

"வெள்ளிக்கிழமையும் இப்படித்தானா?"

"வெள்ளிக்கிழமை நான் ஜும்மா தொழுகைக்கு டன்லப் ஸ்திரீட் பள்ளிவாசல் போயிருவேன்ல. யார் மாத்துறது? ஒரு லிட்டர் பாட்டில் மாட்டிட்டுப் போவேன். காலையிலேயே வெளிய எடுத்து வச்சிருவேன், அதனால சில்லுன்னு இருக்காது. அன்னைக்கு ரெக்கார்டிங் ரொம்ப ஸ்மூத்."

எல்லோரையும் உள்ளே போகச் சொன்னார்கள். அர்ஃபான் ஏறக்குறைய ஓடினார். உர்சுலா அவர் பின்னாலேயே போனாள். அவருடைய அட்டையில் கதவு திறந்தது. முறைப்படி அது தவறு.

அறை சிறியது. கண்ணாடித் தட்டில் சீவல் ஒன்று, நகத்தளவு, சாம்பல் நிறத்தில் கிடந்தது. ஆறு வருடத்தில் முதல் தடவையாக அதைப் பார்த்தாள். திரையில் அறுபது கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. அர்ஃபான் பழைய பாட்டிலைக் கழற்றிப் புதியதை மாட்டினார். ஒரு நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு அறுபது கோடுகளிலும் துடிப்புகள் அடங்கின. ஐந்தாவது நிமிடத்தில், சொல்லி வைத்தது போல, எல்லாம் சேர்ந்து கிளம்பின. அவள் கட்டிய மாதிரிக்குப் பாட்டில் தெரியாது. எல்லாச் செல்லும் மும்முரமாக இருக்கும் நிமிடங்களில், எந்த இரண்டும் மூன்று மில்லிநொடிக்குள் அடுத்தடுத்துத் துடிப்பது தானாகவே கூடும். எல்லாம் அடங்கும்போது தானாகவே குறையும். மாதிரி அதைப் பார்த்துவிட்டு, இவை ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன என்று அறிவித்திருக்கிறது. இருநூற்றுப் பன்னிரண்டு முறை.

அர்ஃபான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நேரத்தைக் குறித்தார். பதினோரு வருடமாக ஒவ்வொரு பாட்டில் மாற்றத்தையும் குறித்து வைத்திருந்தார்.

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?" என்று அவள் கேட்டபோது குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"யார்கிட்ட சொல்றது? யாரும் கீழ வர்றதில்லையே, டாக்டர்." அவர் குத்திக்காட்டவில்லை. நோட்டைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார். "வேணும்னா போட்டோ எடுத்துக்கங்க. கையெழுத்து அவ்வளவு நல்லா இருக்காது."

ஐந்தாம் மாடிக்குப் படியேறியே போனாள். அர்ஃபான் மீது கோபம் வந்தது. அது இரண்டாம் மாடியோடு நின்றுவிட்டது. பாட்டில் விதி வைத்த பேராசிரியர் மீது வந்தது. சூழல் மாறவில்லை என்று எழுதியது அவர் இல்லையே. கட்டுரையைப் பரிசீலித்து, காற்புள்ளிகளைத் திருத்தச் சொன்ன முகம் தெரியாத மூன்று பேர் மீது வந்தது. மேலே போய்ச் சேர்ந்தபோது கோபப்பட வேறு ஆள் மிச்சமில்லை.

மாதிரியில் ஒரே ஓர் உறுப்பைச் சேர்த்தாள்: கடைசிப் பாட்டில் மாற்றத்திலிருந்து எத்தனை நிமிடம். அர்ஃபானின் நோட்டிலிருந்து நேரங்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தாள். புதனும் வியாழனும் அதற்கே சரியாகப் போயின. கூட உட்கார்ந்து உதவியவள் சுஷ்மிதா, இருபத்தாறு வயது ஆராய்ச்சி மாணவி. அவளுடைய ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம் இந்த மாதிரியின் மேல்தான் நின்றது. வெள்ளிக்கிழமை காலை முடிவு வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டில் இருநூற்று ஒன்பது ஜோடிகளின் எண் பூஜ்யத்தில் போய் விழுந்தது. மூன்று மட்டும் நின்றன.

சுஷ்மிதா திரையைப் பார்த்தபடி, "அக்கா, அப்போ என் செகண்ட் சாப்டர்?" என்றாள்.

உர்சுலா நிரலின் பழைய பதிப்புகள் சேமிக்கப்பட்டிருக்கும் பட்டியலைத் திறந்து, மூன்று வருடத்துக்கு முந்திய ஒரு நாளைத் தேடிக்கொண்டிருந்தாள். எந்த வரியை யார் எப்போது சேர்த்தார்கள் என்று அதில் இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் பிணைப்பு இல்லை என்று காட்டும் படம் அன்று மாலை மூன்று இருபத்தாறுக்குச் சேமிக்கப்பட்டிருந்தது. வெள்ளிக்கிழமை என்றால் விட்டுவிடு என்ற வரி நான்கு பதினொன்றுக்கு. அதன் பக்கத்தில் காரணம்: கண்காணிப்பு இல்லை.

நாற்பத்தைந்து நிமிடம். முடிவைப் பார்த்த பிறகுதான் காரணம் வந்திருக்கிறது. காரணம் பொய்யில்லை, வெள்ளிக்கிழமை அறையில் உண்மையிலேயே ஆள் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை முடிவும் மற்ற நாட்களைப் போலவே வந்திருந்தால், ஆள் இருந்தாரா என்று அவள் விசாரித்திருப்பாளா? அந்த நாற்பத்தைந்து நிமிடத்தில் என்ன செய்தோம் என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். கேன்டீனில் பால் விடாத தே ஓ குடித்தோமா? யாரிடம் விசாரித்தோம்? ஒன்றும் நினைவில் இல்லை. தன் வாழ்க்கையில் தனக்கு மிகவும் தேவைப்பட்ட நாற்பத்தைந்து நிமிடத்தைப் பற்றித் தனக்கே ஒன்றும் தெரியவில்லை என்பது, கட்டுரை போனதைவிட அதிகமாக அவளை வாட்டியது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு டாரியஸும் அவளும் தேக்கா உணவங்காடியில் உட்கார்ந்தார்கள். அவன் தோசையைப் பிய்த்துக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டான். நான்கு நாளாக வீட்டில் வெள்ளிக்கிழமை, பாட்டில் என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறு எதுவும் காதில் விழவில்லை என்று அவனுக்கு ஏற்கெனவே குறை. முழுவதையும் கேட்டுவிட்டு அவன் அதிர்ச்சியடையவில்லை.

"இதுல என்ன இருக்கு உர்சு? நான் எத்தனை தடவை விசில் ஊதிட்டு அப்புறம் என்ன ஃபவுல்னு யோசிச்சிருக்கேன். கை முந்திடும். ஆனா ஃபவுல் இல்லாம ஊதினதில்லை, தேடினா ஏதாவது ஒண்ணு இருக்கும்."

"தேடினா இருக்கும்கிறதுதான் பிரச்சினையே."

"எல்லாரும் அப்படித்தான் லா."

"எல்லாரும் அப்படித்தான்னு தெரிஞ்சுக்கவா நான் ஸ்கூலை விட்டுட்டு வந்தேன்?"

பக்கத்து மேசையில் திரும்பிப் பார்த்தார்கள். டாரியஸ் சட்டினியை அவள் பக்கம் தள்ளினான். அவள் சாப்பிடவில்லை. அவன் சொன்னதில் தவறு இல்லை என்பதுதான் எரிச்சலாக இருந்தது. தவறு இருந்திருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

திங்கட்கிழமை பேராசிரியர் டானைப் பார்த்தாள். கெட்ட மனிதர் இல்லை, களைத்த மனிதர். படங்களைப் பார்த்து முடிக்க அவருக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. கட்டுரையைத் திரும்பப் பெறத்தான் வேண்டும் என்று அவரே சொல்லிவிட்டார். அதற்காக வாதாடத் தயாராகப் போயிருந்த உர்சுலாவுக்கு, சாத்தியிருக்கும் என்று தள்ளிய கதவு திறந்தே இருந்ததில் விழுந்தது போல இருந்தது. இதழுக்கு எழுத வேண்டிய கடிதத்தை அவர் அங்கேயே எழுதினார். கரைசல் மாற்றத்தால் வெப்பநிலை ஏறி இறங்கியது; ஆள் இல்லாத பதிவுகளை நீக்கும் விதியால் அது கண்ணில் படாமல் போயிற்று. நல்ல கடிதம். ஒவ்வொரு சொல்லும் உண்மை.

உர்சுலா இரண்டாவது வாக்கியத்தை அடித்துவிட்டு வேறொன்று எழுதினாள்: வெள்ளிக்கிழமைப் பதிவுகள், அவற்றின் முடிவைப் பார்த்த பிறகு முதல் ஆசிரியரால் நீக்கப்பட்டன.

பேராசிரியர் அதை மூன்று முறை படித்தார். முடிவு பிடிக்காமல்தான் நீக்குகிறோம் என்று அன்றைக்கு உனக்குத் தெரியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். தெரியாது, ஆனால் தெரியாது என்று கையெழுத்துப் போடவும் முடியாது என்றாள். உன் மனதில் என்ன இருந்தது என்று இதழ் கேட்கவில்லையே என்றார் அவர். எப்போது நீக்கினேன் என்று நேரம் கேட்பார்கள், நேரம் இருக்கிறது என்று பழைய பதிப்புகளின் பட்டியலைக் காட்டினாள். இந்த வாக்கியம் நீ போகிற இடமெல்லாம் கூடவே வரும் என்று எச்சரித்தார். கடிதத்தைக் கையெழுத்திடாமல் ஒரு நாள் வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை கையெழுத்திட்டு அனுப்பினார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. யாரும் திட்டவில்லை. தாழ்வாரத்தில் பார்த்தவர்கள் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். யாரோ மேசையில் குவே பலகாரம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். துறைக் கூட்டத்தில் நேர்மைக்கு உதாரணம் என்று ஒருவர் அவள் பெயரைச் சொன்னார். மூன்று வருடம் கழித்து, அதுவும் ஒரு தீயணைப்பு ஒத்திகையின் தயவில் வந்த உண்மைக்கு நேர்மை என்பது பொருத்தமான பெயர் என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஒருவராவது அந்த நாற்பத்தைந்து நிமிடத்தைப் பற்றிக் கேட்பார் என்று எதிர்பார்த்தாள். கேட்டவர்கள் எல்லாம் பாட்டிலைப் பற்றியே கேட்டார்கள்.

மே மாதம், ஒப்பந்தம் முடிய ஏழு வாரம் இருக்கையில், அந்த அரை நாள் பாதுகாப்புப் பயிற்சிக்குப் போய் உட்கார்ந்தாள். கூட இருந்தவர்கள் எல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள். அவளுடைய அட்டைக்குக் கீழ்த்தளக் கதவு திறந்தது. வாரத்தில் இரண்டு மூன்று முறை கீழே போனாள். அர்ஃபான் ஒரு நாள் பாட்டிலை மாற்றும் வேலையை அவளிடம் கொடுத்தார். குழாயை மாட்டத் தெரியாமல் தடுமாறி, கை முழுக்க உப்புத் தண்ணீர் வடிந்தது.

"நாப்பத்திரண்டு நிமிஷம். டாக்டர் ரெண்டு நிமிஷம் லேட்," என்று அவர் நோட்டில் எழுதினார். "கவலைப்படாதீங்க, யாரும் படிக்க மாட்டாங்க."

"நான் படிப்பேன் அண்ணே."

"அதான் எழுதுறேன்."

மிச்சம் நின்ற மூன்று ஜோடிகளைப் பற்றிப் பேராசிரியர் மறக்கவில்லை. பாட்டிலைக் கழித்த பிறகும், அதற்குப் பின் யோசித்துச் சேர்த்த மற்ற எல்லாவற்றையும் கழித்த பிறகும், அந்த மூன்றும் அசையவில்லை. அவற்றில் இருப்பது உண்மையான பிணைப்பாக இருக்கலாம். அவள் ஆறு வருடமாகத் தேடியது அதுதான். ஒரே ஒரு சந்தேகம் பாக்கி: பக்கத்துப் பக்கத்துக் கம்பிகள் இரண்டும் ஒரே செல்லின் துடிப்பைக் கேட்டு, இரண்டு செல் என்று எண்ணியிருக்கலாம். அதைத் தீர்ப்பது எளிது. துடிப்பின் அலை வடிவம் கீழ்த்தளத்துக் கணினியில் இருந்தது. திறந்து இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே வடிவம் என்றால் ஒரே செல். வெவ்வேறு என்றால் கதை வேறு. இருபது நிமிட வேலை. பேராசிரியர் யார் யாரிடமோ பேசி, அந்த மூன்று ஜோடிகளுக்காக ஆறு மாத நீட்டிப்பு வாங்கி வைத்திருந்தார். அந்த வாக்கியம் கூடவே வரும் என்று சொன்னவர், அது வந்த பிறகும் அவளைக் கைவிடவில்லை.

ஜூன் மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை. அர்ஃபான் ஒரு லிட்டர் பாட்டிலை மாட்டிவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு டன்லப் ஸ்திரீட்டுக்குக் கிளம்பினார். இனிமேல் வெள்ளிக்கிழமை பதிவும் கண்காணிப்போடு நடக்கும் என்று விதி மாறியிருந்தது. அன்றைய கண்காணிப்புக்கு உர்சுலா உட்கார்ந்தாள். பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை அறையில் அவள் மட்டும். எதிரே அறுபது கோடுகள் சீராக ஓடின. கைக்கெட்டும் தூரத்தில் அந்தக் கணினி, கடவுச்சொல் தெரியும், மூன்று கோப்புகளின் எண்களும் அவளுக்கு மனப்பாடம். எந்த முடிவு வந்தால் தனக்கு நல்லது என்பதும் பார்ப்பதற்கு முன்பே தெரியும்.

அர்ஃபான் திரும்பி வந்தபோது அவள் நோட்டில் அவருடைய கையெழுத்துக்குக் கீழே எழுதிக்கொண்டிருந்தாள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கரைசலின் வெப்பநிலை. பன்னிரண்டு வரி, ஒன்றுகூட விடாமல். எப்படிப் போச்சு டாக்டர் என்றார். ஸ்மூத் என்றாள். மாலை ஐந்தாம் மாடியில் மேசையைக் காலி செய்துவிட்டு, நீட்டிப்பு வேண்டாம் என்று இரண்டு வரிக் கடிதத்தைப் பேராசிரியரின் மேசையில் வைத்தாள். அதில் காரணம் எழுதவில்லை.

இப்போது ஒரு பாலிடெக்னிக்கில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறாள். பச்சை மனிதன் உதாரணத்தை அங்கே சொல்வதில்லை என்று கேள்வி. ஏன் போனாய் என்று பேராசிரியர் இரண்டு முறை எழுதிக் கேட்டார். டாரியஸ் ஒரு முறை கேட்டுவிட்டு விட்டுவிட்டான். ஆகஸ்டில் சுஷ்மிதா அவளைத் தேக்காவில் பார்த்தாள். இரண்டு பேரும் கைநிறையக் காய்கறிப் பைகளோடு பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். கீழ்த்தளத்துக் கணினியில் அந்த மூன்று கோப்புகளும் கடைசியாகத் திறக்கப்பட்ட தேதி, அவை பதிவான தேதியாகவே இருக்கிறது என்று சுஷ்மிதா சொன்னாள்.

"இருபது நிமிஷம்தானே அக்கா. ரெண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தீங்க. ஏன் பார்க்கல?"

உர்சுலா சாலையின் கோடியைப் பார்த்தாள். சுஷ்மிதாவின் இரண்டாம் அத்தியாயம் எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டாள். பதில் வருவதற்குள் பஸ் வந்துவிட்டது. பைகளைத் தூக்கிக்கொண்டு ஏறி, ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, பையிலிருந்த பால் பாக்கெட்டை எடுத்துத் தேதியைப் பார்த்தாள்.